பணியிடத் தலைமையும் பாலினமும்

பணியிடத் தலைமையும் பாலினமும் என்பது, ஒரு பணியிடத்தில் ஆணையிடும் பொறுப்பும் முடிவெடுக்கும் உரிமையும் ஆண்கள், பெண்கள், திருநர் ஆகியோரிடையே எவ்வாறு பகிரப்படுகின்றன, அப்பகிர்வு ஏன் சமமாக அமைவதில்லை என்பவற்றை ஆராயும் பொருளாகும். சமூகவியல், மேலாண்மையியல், பொருளியல், சட்டவியல் ஆகிய துறைகள் இதனைத் தத்தம் நோக்கில் அணுகுகின்றன. ஒரு பணியிடத்தில் எத்தனை பெண்கள் வேலை செய்கின்றனர் என்பது ஒரு கேள்வி. அவர்களுள் எத்தனை பேர் பிறருக்கு வேலை சொல்லும் நிலையில் உள்ளனர் என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கான விடையைக் கொண்டு இரண்டாவதற்கு விடை கூற முடியாது.

தமிழ்நாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். 2019-20 ஆம் ஆண்டுக்கான தொழிற்சாலைகள் ஆய்வின்படி, இந்தியத் தொழிற்சாலைகளில் பணிபுரிந்த பெண்களுள் ஏறத்தாழ 43 விழுக்காட்டினர் இம்மாநிலத்தில் இருந்தனர். எனினும் தொழிற்சாலை வாயிலுக்குள் நுழைந்த பெண், அங்கே மேற்பார்வையாளர் நாற்காலி வரை செல்வது அரிதாகவே உள்ளது.

இக்கட்டுரை சென்னையின் தெற்குப் புறநகரான தாம்பரம், செம்பாக்கம் பகுதியை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது. கட்டடப் பணி, ஏற்றுமதித் தொழிற்சாலை, கல்லூரி, மாநகராட்சி மன்றம் என ஒன்றுக்கொன்று மாறுபட்ட பணியிடங்கள் இங்கே சில கிலோமீட்டர் தொலைவுக்குள் அமைந்திருப்பதால், ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

கட்டடப் பணி: சித்தாளும் மேஸ்திரியும்

செம்பாக்கம், தாம்பரத்துக்குக் கிழக்கே தாம்பரம் - வேளச்சேரி சாலையில், இராஜகீழ்ப்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் ஆகியவற்றை அடுத்து அமைந்த ஊராகும். ஏரிப்பாசனச் சிற்றூராக இருந்த இவ்வூர் சில பத்தாண்டுகளில் வீட்டுமனைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்த புறநகராக மாறியது. இம்மாற்றத்தை உண்டாக்கிய கைகளுள் பெரும்பங்கு பெண்களுடையவை. ஆனால் கட்டடப் பணியில் படிநிலை மிகத் தெளிவானது. மேஸ்திரி வேலையை ஒப்புக்கொண்டு ஆட்களைச் சேர்ப்பவர். கொத்தனார் சுவர் எழுப்புபவர், பூசுபவர். மம்பட்டி ஆள் சாந்து குழைப்பவர். சித்தாள் செங்கல்லும் சாந்துச் சட்டியும் சுமப்பவர், மணல் சலிப்பவர், கட்டிய சுவருக்கு நீர் ஊற்றுபவர். இவற்றுள் சித்தாள் என்ற இறுதி நிலையே பெரும்பாலும் பெண்களுக்கு உரியதாக உள்ளது.

கையாளாக வேலைக்கு வரும் ஓர் இளைஞன் சில ஆண்டுகளில் கொத்தனாராகிவிடுவது வழக்கம். அவனுக்கு முறையான பயிற்சி எதுவும் இல்லை. உணவு இடைவேளையில் கரண்டியைக் கையிலெடுத்து இரண்டு வரிசை கட்டிப் பார்ப்பான். தூக்குக்குண்டு பிடிக்கவும் இரசமட்டம் பார்க்கவும் மூத்த கொத்தனார் சொல்லிக்கொடுப்பார். அக்கொத்தனார் பெரும்பாலும் அவனுடைய மாமனாகவோ ஊர்க்காரராகவோ இருப்பார். அதே பணியிடத்தில் இருபது ஆண்டுகள் சுமந்த பெண்ணுக்குக் கரண்டி தரப்படுவதில்லை. சுவர் நேராக இருக்கின்றதா என்பதைத் தொலைவிலிருந்தே சொல்லக்கூடிய சித்தாள்கள் உண்டு. அவர்களுக்கு அறிவு இல்லை என்று யாரும் கூறுவதில்லை. கருவியைத் தொடும் வாய்ப்பு இல்லை என்பதே செய்தி. உடல்வலு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு. நாள் முழுவதும் தலைச்சுமையாகச் செங்கல் ஏற்றுவதைக் காட்டிலும் கரண்டி பிடிப்பது கடினமான வேலை என்பதை ஏற்பது கடினம்.

ஊதிய வேறுபாடும் இவ்வழியிலேயே நியாயப்படுத்தப்பட்டது. 1976 ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கோ அதனையொத்த வேலைக்கோ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் தரப்பட வேண்டும் என்றது. கொத்தனார் வேலையும் சித்தாள் வேலையும் வெவ்வேறு வேலைகள் என்பதால் சட்டம் மீறப்பட்டதாகக் கொள்ள இயலாது. பெண் ஏன் இரண்டாவது வேலையிலேயே நின்றுவிட்டாள் என்பதைச் சம ஊதிய விதி மட்டும் கேட்பதில்லை. சம ஊதியம் பற்றிய விவாதம் பல நேரங்களில் உண்மையில் தலைமை பற்றிய விவாதமே என்பதற்கு இதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை எனலாம்.

மேஸ்திரி ஆவதற்கு மற்றொரு தடையும் உண்டு. மேஸ்திரி என்பவர் வீட்டு உரிமையாளரிடம் முன்பணம் பெற்று, மாலையில் ஆட்களுக்குக் கூலி பிரித்துத் தருபவர். சிமெண்டுக் கடையில் கடன் சொல்பவர். வேலைக்கு வராத ஆளின் வீட்டுக்கு இரவில் சென்று அழைப்பவர். இவை யாவும் பணத்தையும் தெருவையும் சார்ந்த செயல்கள். இவ்வுரிமைகள் பெண்ணுக்கு வீட்டிலும் ஊரிலும் மறுக்கப்படும்போது, பணியிடத்தில் மட்டும் அவை கிடைத்துவிடுவதில்லை.

ஏற்றுமதி வளாகம்

தாம்பரம் சானடோரியத்தில் பெருந்தெற்குச் சாலையை ஒட்டி அமைந்துள்ள சென்னை ஏற்றுமதி வளாகம் 1984 இல் நிறுவப்பட்டது. மெப்ஸ் என்ற சுருக்கப் பெயராலேயே அறியப்படும் இது 2003 இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாற்றப்பட்டது. ஆயத்த ஆடை, மின்னணுப் பொருட்கள், பின்னர் மென்பொருள் எனப் பலவகை நிறுவனங்கள் இதனுள் இயங்கி வந்துள்ளன. காலையில் சானடோரியம் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கும் கூட்டத்தைக் கண்டவர்கள், இவ்வளாகத்தின் உழைப்பில் பெண்களின் பங்கை அறிவர்.

ஆடைத் தொழிற்சாலையின் அடிப்படை அலகு 'லைன்' எனப்படும் தையல் வரிசையாகும். ஒரு சட்டை பல சிறு வேலைகளாகப் பிரிக்கப்பட்டு, கழுத்துப்பட்டி ஒருவர், கைப்பகுதி ஒருவர் என வரிசையாக நகர்கின்றது. வரிசையின் தலைவர் சூப்பர்வைசர். மணிக்கு இத்தனை உருப்படி என்ற இலக்கை எட்டச் செய்வது அவர் பொறுப்பு. தையற்பொறிகளின் முன் பெண்களும், வரிசைக்கிடையே நடந்து விரைவுபடுத்தும் நிலையில் ஆண்களும் இருப்பதே தென்னாசிய ஆடைத் தொழிலின் பொதுவான காட்சியாகும்.

இதற்கு இரவுப்பணித் தடையும் ஒரு காரணமாயிற்று. 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 66, பெண்களை மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை தொழிற்சாலையில் பணியமர்த்துவதைத் தடுத்தது. பாதுகாப்பை எண்ணி எழுதப்பட்ட விதி இது. ஆயினும் சுழற்சிமுறையில் இயங்கும் ஆலையில் இரவுப் பொறுப்பை ஏற்க முடியாத ஒருவரை மேற்பார்வையாளராக்க நிருவாகம் தயங்கும். சென்னை உயர் நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டு வசந்தா வழக்கில் இத்தடை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்து, போக்குவரத்து, பாதுகாப்பு முதலிய நிபந்தனைகளுடன் இரவுப் பணிக்கு வழி திறந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், பெண்கள் தம் ஒப்புதலுடன் இரவில் பணியாற்ற இடமளிக்கின்றன.

பெண்கள் மேற்பார்வையாளர்களானால் வரிசையின் உற்பத்தி குறையுமா என்பது முதலாளிகள் எழுப்பும் கேள்வி. வங்காளதேசத்தின் 24 பெரிய ஆடைத் தொழிற்சாலைகளில் பொருளியலாளர்கள் இதனை நேரடியாகச் சோதித்துள்ளனர். அங்கே தையல் தொழிலாளர்களுள் ஐந்தில் நான்கு பேர் பெண்கள். மேற்பார்வையாளர்களுள் இருபதுக்கு ஒருவர் என்ற அளவிலேயே பெண்கள் இருந்தனர். தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்களும் பெண்களும் உதவி மேற்பார்வையாளர்களாகப் பணியமர்த்தப்பட்டனர். தொடக்கத்தில் வரிசையிலிருந்த தொழிலாளர்கள் பெண் மேற்பார்வையாளர்களைக் குறைவாகவே மதிப்பிட்டனர். சில மாதங்கள் பழகிய பின்னர் அவ்வேறுபாடு சுருங்கியது. குறைத்து மதிப்பிட்டவர்களுள் பெண்களும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

கோட்பாடுகள்

இத்தகைய மதிப்பீடுகள் ஏன் எழுகின்றன என்பதற்கு ஆய்வாளர்கள் பல விளக்கங்கள் தந்துள்ளனர். அமெரிக்க உளவியலாளர் விர்ஜீனியா சைன் 1973 இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல மேலாளரின் இயல்புகள் எனச் சொல்லப்படுபவையும் ஆணின் இயல்புகள் எனச் சொல்லப்படுபவையும் பெரிதும் ஒத்திருப்பதைக் காட்டினார். ஆலிஸ் ஈக்லி, ஸ்டீவன் கராவ் இருவரும் 2002 இல் இதனை மேலும் விரித்தனர். பெண் மென்மையாக இருக்க வேண்டும், தலைவர் உறுதியாக இருக்க வேண்டும் என்ற இரு எதிர்பார்ப்புகள் மோதும் இடத்தில் பெண் தலைவர் நிற்கின்றார். உறுதி காட்டினால் 'கடுகடுப்பானவர்' என்ற பெயர். மென்மை காட்டினால் 'நிருவாகம் தெரியாதவர்' என்ற பெயர்.

ரோசபெத் மாஸ் கேன்டர் 1977 இல் எழுதிய நூல் வேறொரு கோணத்தைத் தந்தது. ஒரு குழுவில் பெண்கள் மிகச் சிலராக இருக்கும்போது, அவர்கள் தனி ஆளாகப் பார்க்கப்படாமல் 'பெண்களின் மாதிரி'யாகவே பார்க்கப்படுகின்றனர். ஒருவரின் பிழை அனைவரின் பிழையாகின்றது. அவர் கூறிய மற்றொரு கருத்து இன்னும் கூர்மையானது: பதவி இருந்தும் அதிகாரம் இல்லாதவரே சிறு விதிகளைப் பிடித்துக்கொண்டு கீழுள்ளோரை வாட்டுவர், இது பாலினத்தின் இயல்பன்று, அதிகாரமின்மையின் விளைவு.

உயர்பதவிக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் தடையைக் 'கண்ணாடிக் கூரை' என்பர். இவ்வுருவகத்தை 1978 இல் மர்லின் லோடன் பயன்படுத்தினார். செம்பாக்கத்துச் சித்தாளின் நிலைக்கு இவ்வுருவகம் பொருந்தாது. அவர் கூரைக்கு அருகிலேயே வருவதில்லை. முதற் படியிலேயே நிறுத்தப்படுகின்றார். பணியிடத் தலைமை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் நிறுவன மாடிகளையே நோக்குவதால் இவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது.

தனி இடங்கள்: மருத்துவமனை, கல்லூரி, காவல் நிலையம்

சென்னையின் வரலாற்றில் பெண்கள் முதலில் தலைமை ஏற்ற பணியிடங்கள், ஆண்கள் நுழையத் தயங்கிய அல்லது அனுமதிக்கப்படாத இடங்களாக இருந்தன. 1875 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த மேரி சார்லீப், 1885 இல் கோஷாப் பெண்களுக்கான மருத்துவமனை தொடங்கக் காரணமானார். திருவல்லிக்கேணியில் கோஷா ஆசுபத்திரி என்று அறியப்பட்ட கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை இதுவே. ஆண் மருத்துவரிடம் பெண்கள் வரமாட்டார்கள் என்ற கட்டுப்பாடே பெண் மருத்துவர் ஒருவர் மருத்துவமனையை நடத்தும் தேவையை உண்டாக்கியது. 1914 இல் தொடங்கிய இராணி மேரி கல்லூரியின் முதல் முதல்வர் டோரதி டி லா ஹே என்பவரும் பெண்ணே.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் இதே வழி காவல்துறையிலும் பின்பற்றப்பட்டது. தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் 1973 இல் சேர்க்கப்பட்டனர். 1992 இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் தாம்பரம் உட்பட மாநிலம் எங்கும் இவை பரவின. இதன் விளைவாக, நிலையப் பொறுப்பு என்ற பதவியில் பெண் ஆய்வாளர்கள் பெரும் எண்ணிக்கையில் அமர்ந்தனர். ஆனால் இந்நிலையங்களுக்குப் பெரும்பாலும் குடும்பத் தகராறு, வரதட்சணைக் கொடுமை, பாலியல் குற்றம் முதலியவையே வருகின்றன. தனி இடம் தலைமையைத் தருகின்றது. கூடவே அத்தலைமைக்கு ஓர் எல்லையையும் வரைந்துவிடுகின்றது. அவ்வெல்லையைக் கடந்தவர்களுள் ஒருவர் லத்திகா சரண். 1976 ஆம் ஆண்டுத் தொகுதி இந்தியக் காவல் பணி அதிகாரியான அவர் 2006 இல் சென்னை மாநகரக் காவல் ஆணையராகவும், 2010 இல் மாநிலக் காவல்துறைத் தலைமை இயக்குநராகவும் பொறுப்பேற்றார். இரு பதவிகளிலும் அவரே முதல் பெண். 2017 இல் பிரித்திகா யாஷினி, நீதிமன்றப் போராட்டத்துக்குப் பின், உதவி ஆய்வாளராகப் பணியேற்ற முதல் திருநங்கையானார்.

அரசுப் பணியில் திருமண விதிகள்

விடுதலைக்குப் பின்னரும் அரசுப் பணி விதிகளிலேயே தடை எழுதப்பட்டிருந்தது என்பது இன்றைய மாணவர்களுக்கு வியப்பளிக்கலாம். 1951 இல் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வான அன்னா ராஜம் ஜார்ஜ் (பின்னாளில் அன்னா ராஜம் மல்கோத்ரா) சென்னை மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தார். நேர்காணல் குழு அவருக்கு வெளியுறவுப் பணி முதலியவற்றைப் 'பெண்களுக்கு ஏற்றவை' எனப் பரிந்துரைத்தது. அவருடைய பணி ஆணையில், திருமணம் செய்துகொண்டால் பணி முடிவுறும் என்ற நிபந்தனை இருந்தது. இவ்விதி பின்னர் நீக்கப்பட்டது. அப்போதைய முதலமைச்சர் இராசகோபாலாச்சாரி, பெண் ஒருவரைக் களப்பணிக்கு அனுப்பத் தயங்கித் தலைமைச் செயலகப் பணியை அளிக்க முன்வந்தார். அன்னா ராஜம் வாதாடி ஓசூர் சார் ஆட்சியரானார். நாற்காலிப் பணி பெண்ணுக்கு, களப்பணி ஆணுக்கு என்ற இப்பிரிவினை இன்றும் பல அலுவலகங்களில் எழுதப்படாமல் தொடர்கின்றது.

'பெண்களுக்கு ஏற்றது' எனப்பட்ட வெளியுறவுப் பணியும் அப்படி ஒன்றும் எளிதாக இருக்கவில்லை. அதில் முதன்முதலாக 1949 இல் சேர்ந்த சி. பி. முத்தம்மா சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர். பெண் அதிகாரி திருமணத்துக்கு அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும், குடும்பக் கடமை பணிக்கு இடையூறாகும் என அரசு கருதினால் பதவி விலக வேண்டும் என்ற விதியையும், தமக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டதையும் எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1979 இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் வழங்கிய தீர்ப்பு அவ்விதிகளைக் கடுமையாகக் கண்டித்தது.

தமிழ்நாடு அரசு 1989 இல் மாநில அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடங்களை ஒதுக்கியது. இதனை 40 விழுக்காடாக உயர்த்தும் அறிவிப்பு 2021 இல் வந்தது. இவ்வொதுக்கீடு பணியில் சேர்வதற்கானது.

தாம்பரம் மாநகராட்சி

பதவிக்கே ஒதுக்கீடு செய்யப்பட்ட பணியிடம் உள்ளாட்சி மன்றமாகும். 1993 இல் நடைமுறைக்கு வந்த 73, 74 ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள், ஊராட்சி, நகராட்சி உறுப்பினர் இடங்களிலும் தலைவர் பதவிகளிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்க வழிசெய்தன. தமிழ்நாட்டில் இதன்படி முதல் தேர்தல் 1996 இல் நடைபெற்றது. 2016 இல் இப்பங்கு 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. ஆனால் அவ்வாண்டு நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல்கள் வழக்குகளால் தள்ளிப்போயின. நகர்ப்புறங்களில் 2022 வரை தனி அலுவலர்களே நிருவாகம் செய்தனர். ஆக, பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் இருந்தது, மன்றம்தான் இல்லை.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, சிட்லபாக்கம், மாடம்பாக்கம், திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டுத் தாம்பரம் மாநகராட்சி உருவாக்கப்பட்டது. எழுபது வார்டுகளைக் கொண்ட இதன் ஐந்து மண்டலங்களுள் செம்பாக்கமும் ஒன்று. 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடைபெற்றது. மாநிலத்தின் 21 மாநகராட்சிகளுள் 11 இல் மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் சென்னையும் தாம்பரமும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு உரியவை. மார்ச் 4 அன்று நடைபெற்ற மறைமுகத் தேர்தலில், 25 வயதான க. வசந்தகுமாரி தாம்பரத்தின் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே நாளில் சென்னையில் 28 வயதான ஆர். பிரியா மேயரானார். அத்தேர்தலில் வேலூர் மாநகராட்சி மன்றத்துக்குக் கங்கா என்ற திருநங்கையும் உறுப்பினராகத் தேர்வானார்.

இதன் பொருளை அறிய, சென்னையின் பழைய வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1688 இல் தொடங்கிய சென்னை மாநகராட்சியில் பிரியாவுக்கு முன் மேயர் பதவி வகித்த பெண்கள் இருவரே: 1957 இல் தாரா செரியன், 1971 இல் காமாட்சி ஜெயராமன். தலித் பெண் எவரும் இருந்ததில்லை. மூன்று நூற்றாண்டுகளாகத் தகுதியான பெண் கிடைக்கவில்லை என்றும், ஒதுக்கீடு வந்தவுடன் ஒரே நாளில் பதினொரு மாநகராட்சிகளில் கிடைத்துவிட்டனர் என்றும் யாரேனும் வாதிட்டால், அதனை நம்புவது எளிதன்று. கட்டடப் பணியில் கரண்டி எவ்வாறு கைமாறவில்லையோ, அவ்வாறே மன்றத்திலும் தானாகக் கைமாறவில்லை. ஒதுக்கீட்டின் வழியே கைமாறியது.

இருக்கையும் அதிகாரமும்

பதவி கிடைத்த பின் அதிகாரம் கிடைக்கின்றதா என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் மேயர் மன்றக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குகின்றார். தீர்மானங்களை நிறைவேற்றும் செயல் அதிகாரம் அரசு நியமிக்கும் ஆணையரிடம் உள்ளது. இக்கட்டமைப்பு ஆண் மேயர்களுக்கும் பொதுவானதே. ஆனால் கட்சியிலும் அலுவலகத்திலும் நீண்ட காலம் பழகி, முறைசாரா வழிகளில் காரியம் முடிக்கத் தெரிந்த ஆண் மேயருக்கு அது பெரிய தடையாவதில்லை. புதிதாக வரும் இளம்பெண்ணுக்கு எழுதப்பட்ட அதிகாரம் மட்டுமே துணை, எழுதப்பட்டதோ குறைவு.

சிற்றூர்களில் நிலைமை இன்னும் கடினம். பெண் தலைவருக்குப் பதிலாக அவருடைய கணவரோ தந்தையோ கூட்டம் நடத்துவதும், காசோலையில் மட்டும் தலைவர் கையொப்பமிடுவதும் நாடெங்கும் அறியப்பட்டவை. சாதியும் சேரும்போது அவமதிப்பு வெளிப்படையாகின்றது. 2020 இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் மன்றக் கூட்டத்தில் தரையில் அமர வைக்கப்பட்ட ஒளிப்படம் வெளியாகி, வழக்கும் கைதும் தொடர்ந்தன. மற்ற உறுப்பினர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர்.

அதிகாரத்தை உண்மையாகவே செலுத்தியவர்கள் அதற்கு விலை கொடுத்ததும் உண்டு. மதுரை வில்லாபுரம் பகுதியில் 1996 தேர்தலில் வென்று மாநகராட்சி உறுப்பினரான லீலாவதி, தம் பகுதி மக்களுக்குக் குடிநீர்க் குழாய் இணைப்புக் கிடைக்கப் போராடினார். தண்ணீர் விற்றுப் பிழைத்தவர்களின் வருவாயை அது பாதித்தது. 1997 ஏப்ரல் 23 அன்று அவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பெயரளவுத் தலைவராக இருந்திருந்தால் அவர் உயிரோடு இருந்திருப்பார்.

தண்ணீர் இங்கே தற்செயலான செய்தியன்று. பொருளியலாளர்கள் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்ளோவும் 2004 இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், மேற்கு வங்காளத்திலும் இராசசுத்தானிலும் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிட்டதைக் கண்டனர். குடம் சுமப்பவர் யாரோ, அவர் குழாயின் தேவையை முதலில் எழுப்புகின்றார். தாம்பரம் மாநகராட்சிப் பகுதியிலும் குடிநீர் வழங்கல், பாதாளச் சாக்கடை, ஏரிகளில் கலக்கும் கழிவுநீர் ஆகியவையே நெடுநாளையப் பொருள்கள். செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சென்றடைவதால், இங்கே எடுக்கப்படும் முடிவு இம்மாநகராட்சியின் எல்லையோடு நிற்பதில்லை.

2009 இல் வெளியான மற்றோர் ஆய்வு மனப்பான்மையைப் பற்றியது. மேற்கு வங்காளத்தில் பெண் தலைவரை முன்னர்க் கண்டிராத ஊர்களில், ஒரே உரையைப் பெண் குரலில் கேட்ட ஆண்கள் அதனைத் தாழ்வாக மதிப்பிட்டனர். பெண் தலைவர் இருந்த ஊர்களில் இவ்வேறுபாடு காணப்படவில்லை. பெண் தலைவரை விரும்புகின்றீர்களா என்று கேட்டபோது மட்டும், இரு வகை ஊர்களிலும் ஆண்களின் விருப்பமின்மை பெரிதாகக் குறையவில்லை. திறமையை ஒப்புக்கொள்வதும் ஏற்றுக்கொள்வதும் வெவ்வேறு எனத் தெரிகின்றது.

தாம்பரத்திலிருந்து பெப்சிகோ

1937 இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் 1970களில் பயின்ற மாணவியருள் இந்திரா நூயியும் ஒருவர். கொல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்திலும் ஏல் பல்கலைக்கழகத்திலும் பயின்ற அவர், 1994 இல் பெப்சிகோ நிறுவனத்தில் சேர்ந்து, 2006 முதல் 2018 வரை அதன் முதன்மைச் செயல் அலுவலராக இருந்தார். நிறுவனத்தின் தலைவர் பொறுப்புக்கு உயர்த்தப்பட்ட செய்தியுடன் வீடு திரும்பிய இரவில், தம் தாயார் முதலில் பால் வாங்கி வரச் சொன்னார் என்றும், மகுடத்தை வண்டிக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வரும்படி கூறினார் என்றும் அவர் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். இதனைச் சிலர் பணிவுக்கான பாடமாகவும், வேறு சிலர் எவ்வளவு உயர்ந்தாலும் பெண்ணை விடாத வீட்டுப் பொறுப்பாகவும் கொள்கின்றனர். 2021 இல் வெளியிட்ட தன்வரலாற்றில் நூயி, குழந்தை பராமரிப்பும் ஊதியத்துடன் கூடிய விடுப்பும் தனிப்பட்ட குடும்பத்தின் சிக்கல்கள் அல்ல, பொருளாதாரத்தின் அடிப்படைக் கட்டமைப்புகள் என வாதிடுகின்றார். இந்தியாவில் 2017 திருத்தச் சட்டம் பேறுகால விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தி, 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடங்களில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. செலவு முழுவதும் முதலாளி மீது விழுவதால், பெண்களைப் பணிக்கு எடுக்கவே தயங்குவர் என்ற குறையும் கூறப்படுகின்றது.

நிறுவன இயக்குநர் குழுக்களில் ஒதுக்கீட்டைத் தொடங்கி வைத்த நாடு நோர்வே. 2003 இல் இயற்றிய சட்டத்தால் அது 40 விழுக்காட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவின் 2013 ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், பட்டியலிடப்பட்ட நிறுவனங்களிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பிற பொது நிறுவனங்களிலும் குறைந்தது ஒரு பெண் இயக்குநர் இருக்க வேண்டும் என்றது. தொடக்கத்தில் பல குடும்ப நிறுவனங்கள் உரிமையாளரின் மனைவியையோ மகளையோ நியமித்து இதனை நிறைவு செய்தன. ஊராட்சியில் கணவர் செய்ததை இங்கே குடும்பம் செய்தது எனலாம். பின்னர்ப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியம், பெரிய நிறுவனங்களில் அப்பெண் தற்சார்பு இயக்குநராக இருக்க வேண்டும் என விதித்தது.

சொல்வழக்கு

தமிழில் தலைவன், தலைவி என்ற இணை அகப்பொருள் இலக்கணத்துக்கு உரியது. அங்கே தலைவி காதலின் நாயகி. ஊரை ஆள்பவள் அல்லள். இன்றைய நிருவாக வழக்கில் தலைவர் என்ற பலர்பால் வடிவமே இருபாலார்க்கும் பொதுவாக நிற்கின்றது. ஆட்சியர், ஆணையர், மேலாளர், இயக்குநர் ஆகியனவும் அவ்வாறே. ஆங்கிலத்தில் தலைவரைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'ஆண்' என்பதை நீக்க நடந்த நீண்ட விவாதம் தமிழுக்குத் தேவைப்படவில்லை. ஆசிரியை, தலைமையாசிரியை என்ற வடிவங்கள் மட்டும் பெண்கள் முன்னரே நிறைந்த பள்ளித் துறையில் வேரூன்றிவிட்டன.

விளிச்சொற்கள் வேறு கதை. காவல் நிலையத்தில் ஆண் அதிகாரி ஐயா, பெண் அதிகாரி அம்மா. அலுவலகத்தில் சார், மேடம். கட்டடப் பணியில் மேஸ்திரி என்பது போர்த்துக்கேய மூலத்திலிருந்து வந்த சொல்; கொத்தனார் என்பதில் 'ஆர்' என்னும் மரியாதை விகுதி உள்ளது. சித்தாள் என்பது சிற்றாள் என்பதன் மரூஉ. வயது அறுபதானாலும் அவர் சிறிய ஆள்தான். கொத்தனாரைவிட மூத்தவராக இருந்தாலும் பணியிடத்தில் பெயர் சொல்லியோ 'ஏம்மா' என்றோ அழைக்கப்படுகின்றார்.